ஆவுடையார்கோவில் கல்லுக்குள்ளே...



புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கியிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 14 கிலோமீட்டர் சென்றால் ஆவுடையார்கோவில் வரும். அங்குள்ள பெரிய கோவிலுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். மண்டபத்தின் விளிம்பில் வளைந்து இறங்கும் கூரைப் பகுதிக்குக் கொடுங்கை என்று பெயர். அதில் சட்டங்கள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே கம்பிகள் கோத்துப் பிடிக்கின்றன. ஆணித் தலைகள்கூடத் தெரிகின்றன. தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே மரமும் இல்லை, இரும்பும் இல்லை. அத்தனையும் கருங்கல்! முற்காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்வது வழக்கம்.

இந்தக் கொடுங்கையைப் பற்றி ஒரு கதையும் உண்டு. வெள்ளைக்காரர் ஒருவர் இது கல் என்பதை நம்பாமல், துப்பாக்கியால் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாராம். கதை உண்மையோ பொய்யோ, அதில் ஓர் அறிவியல் பாடம் இருக்கிறது. ஒரு பொருள் எது என்பதைப் பார்வையை மட்டும் நம்பித் தீர்மானிக்க முடியாது. அதை ஏதாவது செய்து பார்க்க வேண்டும். சுட்டுப் பார்க்கும் அந்த முறை பின்னால் நமக்கு மீண்டும் தேவைப்படும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கல்லூரி மாணவர்களை இந்தக் கோவிலுக்கு அழைத்துச் சென்றேன். கொடுங்கையின் கீழே நின்றபடி ஒரு மாணவி கேட்டாள்: “சார், கல் என்பது தனிமமா, சேர்மமா, கலவையா?” பக்கத்தில் இருந்த மாணவன் விடவில்லை. “அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்று வகுப்பில் சொன்னீர்களே சார். அப்படியானால் இந்தக் கூரை ஏன் நம் தலையில் விழவில்லை?” இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் விடை இந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே போய்ப் பார்ப்போமா?

முதல் படி: கலவை

சாலை போடக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் ஜல்லியில் ஒன்றை எடுங்கள். உடைந்த புதிய முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போன்ற மணிகள் தெரியும். அவை குவார்ட்ஸ். நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என்று சொல்கிறோமே, அதே பொருள்தான். வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்துடன் இருப்பவை ஃபெல்ஸ்பார். கறுப்பாக மினுக்கும் ஏடுகள் மைக்கா, அதாவது காக்காய்ப்பொன். பொதுவாகக் கருங்கல் என்று நாம் அழைக்கும் பாறைகளைப் புவியியலார் பல வகைகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் கனிமங்களின் அளவும் வகையும் மாறும். ஆனால் அவை யாவும் பல கனிமங்கள் சேர்ந்தவையே.

ஆகவே கருங்கல் ஒரு கலவை. அதிலும் பலபடித்தான கலவை. ஏனெனில் ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்தில் இல்லை. கலவையின் அடையாளம் என்ன? அதன் பகுதிகள் தத்தம் குணத்தை இழக்காமல் இருக்கும். எந்த விகிதத்திலும் கலந்திருக்கும். வேதிவினை எதுவும் இல்லாமலே அவற்றைப் பிரித்துவிடலாம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஆற்று மணல் என்பது பாறைகள் சிதைந்து உண்டான துகள்கள்தானே? காய்ந்த மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்புத் துகள்கள் சில ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் முக்கியமானது மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. காந்தம் எந்த வேதிவினையையும் செய்யவில்லை. முன்பே இருந்ததைப் பொறுக்கி எடுத்தது, அவ்வளவுதான்.

எல்லாக் கலவையும் கண்ணுக்குத் தெரிந்துவிடாது. வீட்டிலுள்ள பித்தளைக் குத்துவிளக்கு எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனாலும் அது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த ஒருபடித்தான கலவை. கடைக்காரர் ‘சுத்தமான பசும்பால்’ என்பார். தண்ணீர் சேர்க்காத பால் என்பது அவர் பொருள். வேதியியலின் கணக்கில் கறந்த பாலும் ஒரு கலவையே. நீர், கொழுப்பு, புரதம், சர்க்கரை, உப்புகள் எல்லாம் அதில் உண்டு. ஒரே ஒரு தனிமமாகவோ ஒரே ஒரு சேர்மமாகவோ இருப்பதைத்தான் வேதியியல் தூய பொருள் என்கிறது.

இரண்டாம் படி: சேர்மம்

ஜல்லியிலிருந்து ஒரு குவார்ட்ஸ் மணியை மட்டும் தனியே எடுத்துவிட்டோம். இது தூய பொருள். இதைப் பொடியாக்கினாலும் ஒவ்வொரு பொடியும் குவார்ட்ஸாகவே இருக்கும். காந்தம், சல்லடை, தண்ணீர் எதுவும் இதைப் பிரிக்காது. ஆயினும் இது தனிமம் அன்று. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். இதைச் சிலிக்கா என்கிறோம். 60 கிராம் குவார்ட்ஸ் எடுத்தால் அதில் சிலிக்கன் 28 கிராம், ஆக்சிஜன் 32 கிராம். வெள்ளாற்று மணலில் எடுத்தாலும் இமயமலையில் எடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

இன்னொரு வேறுபாட்டையும் பாருங்கள். ஆக்சிஜன் நாம் மூச்சில் இழுக்கும் வாயு. சிலிக்கன் சாம்பல் நிறத்தில் உலோகம் போல் மினுக்கும் திண்மம். கணிப்பொறிச் சில்லுகள் அதில்தான் செய்யப்படுகின்றன. இரண்டும் சேர்ந்தபின் இரண்டின் குணமும் இல்லை. பிறந்தது பளிங்கு போன்ற புதுப்பொருள்.

இந்த மாறா விகிதம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஜான் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில் அதற்கு விளக்கம் தந்தார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எடையுள்ள அணுக்களால் ஆனது. அணுக்கள் முழு எண்களில்தான் சேர்கின்றன என்றார் அவர். குவார்ட்ஸில் ஒரு சிலிக்கன் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். ஒவ்வொரு சிலிக்கனைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். ஒவ்வொரு ஆக்சிஜனையும் இரண்டு சிலிக்கன்கள் பகிர்ந்துகொள்கின்றன. இப்படியே கைகோத்துச் சென்று, மணி முழுவதும் ஒரே வலைப்பின்னலாகிவிடுகிறது. ஒரு மில்லிகிராம் எடையுள்ள சின்னஞ்சிறு மணியில் இருக்கும் அணுக்கள் எத்தனை தெரியுமா? 3 எழுதி அதன்பின் 19 சுழிகள் போடுங்கள். ஏறக்குறைய அத்தனை!

ஒரு மேதையின் பட்டியல்

இங்கே கொஞ்சம் நிற்போம். குவார்ட்ஸ் சேர்மம் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். நவீன வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் லவாய்சியர் 1789-இல் தம் நூலில் தனிமங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் 33 பெயர்கள். ஆக்சிஜன், கந்தகம், இரும்பு, தங்கம் எல்லாம் சரியாக இருந்தன. கூடவே ஒளியும் வெப்பமும் இருந்தன! சுண்ணாம்பு இருந்தது. நம் கல்லில் உள்ள சிலிக்காவும் இருந்தது!

லவாய்சியர் ஏமாந்துவிட்டாரா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. ‘எந்த வழியிலும் இதற்குமேல் பிரிக்க முடியாததே தனிமம்’ என்பது அவர் வைத்த இலக்கணம். அன்றைக்கு இருந்த எந்தக் கருவியாலும் சிலிக்காவைப் பிரிக்க இயலவில்லை. எனவே பட்டியலில் சேர்த்தார். ஆனால் இத்தகைய மண் பொருள்கள் ஒருநாள் பிரிந்துவிடலாம் என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. அந்த நாளைக் காண அவர் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-இல் அவர் தலை வெட்டப்பட்டது. பிறகு 1824-இல் சுவீடனைச் சேர்ந்த பெர்சிலியஸ், பொட்டாசியம் உலோகத்தின் உதவியால் சிலிக்கனைத் தனியே பிரித்துக் காட்டினார். இன்று தொழிற்சாலைகளில் சிலிக்காவையும் கரியையும் மின் உலையில் ஏறக்குறைய 2000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காய்ச்சிச் சிலிக்கன் எடுக்கிறார்கள்.

சிக்கல் புரிகிறதா? ‘பிரிக்க முடியவில்லை’ என்பது பொருளின் குணமா, நம் கருவியின் குறையா? நாளைக்கு இன்னொரு பெரிய உலை வந்து இரும்பையும் பிரித்துவிட்டால் என்ன செய்வது? தனிமத்துக்குக் கருவியைச் சாராத ஓர் உறுதியான அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் கிடைக்க, அணுவையே உடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அணுவைச் சுட்டுப் பார்த்தவர்கள்

1897-இல் ஜே. ஜே. தாம்சன் அணுவுக்குள் எதிர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்கள் உண்டு என்று கண்டார். அணு முழுமையில் மின் நடுநிலை உடையது. ஆகவே நேர்மின்னூட்டமும் எங்கோ இருக்க வேண்டும். எங்கே?

கொடுங்கைக் கதையை இப்போது நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் அவர்களும் சுட்டுத்தான் பார்த்தார்கள். குண்டுகள், கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாக வெளிவரும் ஆல்ஃபா துகள்கள். இலக்கு, மிக மெல்லிய பொன் முதலிய உலோகத் தகடுகள். 1909-இல் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் கைகரும், மார்ஸ்டன் என்ற இருபது வயது மாணவரும். பெரும்பாலான துகள்கள் தகடு அங்கே இல்லாததுபோல் நேராகக் கடந்து சென்றன. ஆனால் ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒன்று வந்த பக்கமே திரும்பியது!

1911-இல் ரூதர்ஃபோர்டு இதற்கு விளக்கம் தந்தார். நேர்மின்னூட்டம் முழுவதும், நிறையின் பெரும்பகுதியும், அணுவின் நடுவே மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்கின்றன. அதுவே அணுக்கரு. பிற்பாடு அணுக்கருவுக்குள் நேர்மின்னூட்டமுள்ள புரோட்டான்கள் இருப்பது தெரிந்தது. 1932-இல் சாட்விக் மின்னூட்டமில்லாத நியூட்ரானைக் கண்டார்.

நம் சிலிக்கன் அணுவைப் பாருங்கள். கருவில் 14 புரோட்டான்கள். பெரும்பாலான சிலிக்கன் அணுக்களில் 14 நியூட்ரான்கள். வெளியே 14 எலக்ட்ரான்கள், 2, 8, 4 என்று அடுக்குகளில். ஒரு மிளகை அணுக்கரு என்று வைத்துக்கொண்டால், அணுவின் குறுக்களவு ஏறக்குறைய 150 மீட்டர் இருக்கும். ஆனால் அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் அந்த மிளகுக்குள்தான்!

எண்ணே அடையாளம்

ரூதர்ஃபோர்டின் கூடத்திலேயே வேலை செய்த இன்னோர் இளைஞர் ஹென்றி மோஸ்லி. அவர் 1913-இல் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது கதிரின் அதிர்வெண் ஓர் ஒழுங்கான கணக்கில் படிப்படியாக ஏறியது. கருவின் மின்னூட்டம் ஒவ்வொன்றாகக் கூடுவதே இதற்குக் காரணம். அந்த எண்தான் அணு எண். அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை.

மெண்டலீவ் 1869-இல் ஆவர்த்தன அட்டவணையை அணு எடையைக் கொண்டே அமைத்தார். சிலிக்கனுக்குக் கீழே ஒரு காலியிடம் விட்டு, அங்கே வர வேண்டிய தனிமத்துக்கு ‘ஏகசிலிக்கன்’ என்று பெயரும் வைத்தார். ‘ஏக’ என்பது சமஸ்கிருதத்தில் ‘ஒன்று’! அந்தத் தனிமம் 1886-இல் ஜெர்மானியமாகக் கிடைத்தது. ஆனாலும் எடை சில இடங்களில் இடறியது. ஆர்கானின் அணு எடை 39.95, பொட்டாசியத்துக்கு 39.10. எடைப்படி பார்த்தால் பொட்டாசியம் முன்னால் வர வேண்டும். குணத்தின்படி ஆர்கான்தான் முன்னால். அணு எண்படி ஆர்கான் 18, பொட்டாசியம் 19. சிக்கல் தீர்ந்தது. 43, 61, 75 ஆகிய எண்களுக்கு உரிய தனிமங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்பதும் தெளிவாயிற்று. அவையும் பின்னர் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. மோஸ்லியோ 1915-இல் முதல் உலகப் போரில், கல்லிப்போலிப் போர்க்களத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 27.

இனி லவாய்சியரின் சிக்கல் இல்லை. அணுக்கருவில் ஒரே எண்ணிக்கைப் புரோட்டான்கள் உள்ள அணுக்களால் ஆனது எதுவோ, அது தனிமம். இன்று 118 தனிமங்கள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. எவ்வளவு பெரிய உலை வந்தாலும் இரும்பு சேர்மமாகிவிடாது.

கூரை ஏன் விழவில்லை?

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்றால் கல் எப்படிக் கெட்டியாக இருக்கிறது?

பாடநூலில் கருவைச் சுற்றி வட்டங்கள் வரைந்து எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டியிருக்கும். எலக்ட்ரான்களை எண்ணிக் கணக்கு வைக்க அந்தப் படம் உதவும். ஆனால் எலக்ட்ரான் உண்மையில் புள்ளியாகப் பாதையில் ஓடுவதில்லை; கருவைச் சுற்றிய இடம் முழுவதும் மேகம்போல் பரவியிருக்கிறது. ஆகவே ‘வெற்றிடம்’ என்பது பாதி உண்மைதான். அங்கே நிறை மிகக் குறைவு. எலக்ட்ரான் மேகம் நிறைந்திருக்கிறது.

இரண்டு அணுக்களை நெருக்கினால் அந்த மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். அதோடு 1925-இல் பௌலி கண்ட விதியும் குறுக்கே நிற்கும்: ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. ஒன்று அமர்ந்த நாற்காலியில் மற்றொன்று அமரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விதி இல்லாவிட்டால் பொருள்கள் இன்று இருக்கும் பருமனில் இருக்கவே முடியாது என்பதை 1967-இல் டைசனும் லெனார்டும் கணித வழியில் நிறுவினார்கள். அணுக்களை இணைத்து வைப்பது பிணைப்பு. ஒரு வரம்புக்குமேல் நெருங்கவிடாமல் தடுப்பது இந்த விதி. இரண்டுக்கும் இடையில் கொடுங்கை நிற்கிறது.

இதே விதி விண்மீனையும் தாங்குகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் கப்பலில் இங்கிலாந்து செல்லும்போது இதைப் பற்றித்தான் கணக்குப் போட்டார். எரிந்து முடிந்து சுருங்கிய வெள்ளைக் குள்ளன் விண்மீனை எலக்ட்ரான்கள் எதுவரை தாங்கும்? சூரியனின் நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு வரை. அதற்குச் சந்திரசேகர் வரம்பு என்று பெயர். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கல்லுக்குள் நடக்கும் மாற்றம்

கடைசியாக ஒன்று. சிற்பியின் உளி கல்லை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும், ஒரு தனிமத்தை இன்னொரு தனிமமாக மாற்றாது. வேதிவினையும் மாற்றாது, அது வெளி எலக்ட்ரான்களோடு நின்றுவிடும். ஆனால் யாரும் தொடாமலே கல்லுக்குள் தனிமம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது!

ஃபெல்ஸ்பாரின் ஒரு வகையில் பொட்டாசியம் உண்டு. பத்தாயிரம் பொட்டாசிய அணுக்களில் ஏறக்குறைய ஒன்று பொட்டாசியம்-40 என்னும் ஐசோடோப்பு. அதன் கருவில் 19 புரோட்டான்கள், 21 நியூட்ரான்கள். இந்தக் கரு நிலையானது அன்று. மாற்றமடையும் நூறு அணுக்களில் ஏறக்குறைய 89-இல் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது, புரோட்டான் 20 ஆகிவிட்டது, அது கால்சியம். மற்ற 11-இல் கரு ஓர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ள, ஒரு புரோட்டான் நியூட்ரானாகிறது. புரோட்டான் 18 ஆகிவிட்டது. அது ஆர்கான் வாயு. எல்லாவற்றிலும் நிறை எண் அதே 40. எண்ணிக்கையில் ஒரே ஒரு புரோட்டான் கூடியது அல்லது குறைந்தது, பொருளே மாறிவிட்டது.

ஒரு கிலோ கல்லில் 35 கிராம் பொட்டாசியம் இருந்தால், அதில் வினாடிக்கு ஆயிரத்துக்கும் சற்று அதிகமான அணுக்கள் இப்படி மாறும். பயப்பட வேண்டாம். உங்கள் உடலிலும் பொட்டாசியம் உண்டு; அதிலும் வினாடிக்குச் சில ஆயிரம் அணுக்கள் மாறுகின்றன. பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய ஏறக்குறைய 125 கோடி ஆண்டுகள் ஆகும். பாறைக்குள் சிறைப்பட்ட ஆர்கானை அளந்து பாறையின் வயதையே கணக்கிடுகிறார்கள். கொடுங்கையைச் செதுக்கிய சிற்பிக்கு வயது உண்டு, கோவிலுக்கு வயது உண்டு. அவர்கள் கையாண்ட கல்லோ தன் வயதைத் தன் அணுக்களிலேயே எழுதி வைத்திருக்கிறது.

அந்த மாணவிக்கு நான் அன்று சொன்ன விடை இதுதான்: கல் ஒரு கலவை, கலவையைப் பிரித்தால் சேர்மம், சேர்மத்தைப் பிரித்தால் தனிமம், தனிமத்தின் அடையாளம் அதன் கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு படியிலும் ‘இதைப் பிரிக்க எது தேவைப்பட்டது?’ என்று கேளுங்கள். கையும் காந்தமும் போதுமா, உலை வேண்டுமா, இல்லை கருவே மாற வேண்டுமா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் வரையறைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த முறை ஆவுடையார்கோவில் செல்லும்போது கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். மரம்போல் தெரியும் கல்லை அடையாளம் கண்டுகொண்டீர்கள். இனி கல்போல் தெரியும் அணுக்களையும் உங்களால் பார்க்க முடியும். துப்பாக்கி வேண்டாம், கேள்வி போதும்!